இருந்து சாப்பிட ஒரு அறை

ஊஸ்டர்
16 பெப்ரவரி 2025

அன்புள்ள தில்லைநாயகி அன்ரிக்கு,

என்ர நம்பரை நீங்கள் தடுத்து வைச்சிருக்கிறியள். போன ஞாயிறு ஓஸ்டர்முண்டிகனுக்கு வந்து மூண்டு தரம் மணியடிச்சனான். உள்ள செருப்புச் சத்தம் கேட்டது, கதவு திறக்கேல்ல. அதுதான் கடிதம் எழுதுறன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில பழகின எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

தம்பித்துரை அங்கிளுக்கு வேலையால நிப்பாட்டுற கூண்டிகுங் கடிதம் வந்திட்டுதெண்டு எங்களோட துப்புரவு வேலை செய்யிற வேணுகா அக்கா சொன்னவ. ஏப்ரல் முடிய வேலை இல்லையாம், ஆட்குறைப்பாம். இருபத்திமூண்டு பேர் கையெழுத்துப் போட்ட கடிதம் போய் ஒன்பதாம் நாள், அதில முதல் பேருக்கு மட்டும் ஆட்குறைப்பு. என்னை நீக்கக்கூட அவையளுக்குத் தேவையிருக்கேல்ல. சனி ஞாயிறில மணித்தியாலக் கணக்குக்கு வந்த மாணவிதானே, கூப்பிடுறதை நிப்பாட்டிட்டினம். "நீ இங்க நிண்டால் சனம் கதைக்கும்" எண்டு அப்பா என்னை இங்க ஊஸ்டருக்கு, நிலன் அண்ணா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

நடந்ததை நீங்கள் என்ர வாயால ஒருக்காக் கேக்கவேணும். அந்தக் கிளினிக்கில துப்புரவு ஆக்கள் எங்க இருந்து சாப்பிடுறதெண்டு அங்கிள் உங்களுக்குச் சொல்லியிருக்கமாட்டார். கீழ்த்தளத்தில, அழுக்குத் துணியும் குப்பைப் பையும் கட்டி வைக்கிற அறை. கவிட்டுப் போட்ட வாளியில இருந்து, மடியில பெட்டியை வைச்சுச் சாப்பிடுறது. மூண்டாம் மாடியில யன்னலோட, கதிரை மேசையோட சாப்பாட்டு அறை இருக்கு. அது கிளினிக் ஆக்களுக்கு. நாங்கள் வேற கொம்பனியின்ர ஆக்கள், அங்க கூட்டித் துடைக்கலாம், இருக்கேலாது.

நான் அமெரிக்காவில ஏழையள் நடத்தின போராட்டங்களைப் பற்றித்தான் பல்கலைக்கழகத்தில ஆய்வு எழுதுறன். ஒருநாள் அந்த வாளியில இருந்துகொண்டு மெம்பிஸ் கதையைச் சொன்னன். 1968இல அந்த நகரத்தில குப்பை அள்ளுற கறுப்பு ஆக்கள் ரெண்டு பேர் மழைக்கு ஒதுங்க வேற இடமில்லாமல் குப்பை லொறியின்ர பின்பக்கத்துக்குள்ள ஏறி நிண்டவை. அந்த இயந்திரம் ரெண்டு பேரையும் நசிச்சுப்போட்டுது. அதுக்குப் பிறகு ஆயிரத்து முந்நூறு பேர் வேலையை விட்டிட்டு, "நான் ஒரு மனுசன்" எண்டு எழுதின மட்டையைக் கழுத்தில கொழுவிக்கொண்டு றோட்டால போனவை. அங்கிள் சாப்பாட்டுப் பெட்டியை மூடிவைச்சிட்டு, "என்ன எழுதினவை? திருப்பிச் சொல்லு பிள்ளை" எண்டு கேட்டவர்.

கடிதத்தை நான்தான் எழுதினன். ஒரேயொரு கோரிக்கை, இருந்து சாப்பிட ஒரு அறை. கையெழுத்து வாங்கேக்க எல்லாரும் "வயசில மூத்தவர் முதல் போடட்டும்" எண்டு மேல் வரியை விட்டுவைச்சவை. எனக்கும் அது மரியாதையாத்தான் பட்டது. இவ்வளவும்தான் நடந்தது, அன்ரி. ஒரு வார்த்தை திட்டியாவது எழுதுங்கோ.

சரணியா


ஓஸ்டர்முண்டிகன்
2.3.2025

சரணியாவுக்கு,

கடிதம் கிடைச்சது. அடுப்பில போடுவமெண்டு பார்த்தன், கரண்ட் அடுப்பு. அதுக்கிடையில இவர் எடுத்து வாசிச்சுப்போட்டார்.

திட்டி எழுதட்டாம்! திட்ட வெளிக்கிட்டால் இந்தத் தாள் காணாது. எங்களுக்குப் பிள்ளை இல்லாத குறைக்கு, பள்ளிக்கூடம் விட்டு வாற உமக்குத்தானே பிட்டவிச்சு வைச்சுக்கொண்டு பார்த்திருந்தனான்? அதுக்கு நல்ல கைம்மாறு செய்திட்டீர். அமெரிக்காவில அறுவது வருசத்துக்கு முந்தி ஆரோ செத்ததுக்கு ஓஸ்டர்முண்டிகனில என்ர மனுசன்ர வேலை போகோணுமோ? உமக்கு அது படிப்பு. பட்டம் தருவாங்கள், படம் எடுத்துச் சுவரில கொழுவலாம். எங்களுக்கு என்ன தருவாங்கள்?

அவருக்கு அறுவத்தொரு வயசு. பதினாலு வருசம் ஒருநாள் பிந்திப் போனவரில்லை. முழங்காலில ஊசி போட்டுக்கொண்டும் படி துடைச்ச மனுசன். எங்களிட்ட இருக்கிறது பி காட், சுவிஸில இருக்க வருசாவருசம் தாற அனுமதி. நவம்பரில நீட்டவேணும். வேலை இல்லையெண்டு எழுதினால் என்ன நடக்குமெண்டு உமக்குத் தெரியாது, நீர் இங்கயே பிறந்தனீர். நாங்கள் உதவிக் காசுக்குப் போய் நிக்காமல் இவ்வளவு காலம் கிழிஞ்சதைத் தைச்சுப் போட்டது அந்தக் காட்டுக்காகத்தான்.

மரியாதையாம் மரியாதை! இருபத்திரண்டு பேரும் பயத்தில பின்னுக்கு நிண்டிட்டு, ஒரு சோணகிரியைத் தேடி முன்னுக்குத் தள்ளிவிட்டதை நீர் மரியாதை எண்டுறீர். அந்த மனுசனுக்கு டொச் பாஷையில ஒரு வரி வாசிக்கத் தெரியாது. இப்ப கோயிலில கண்டால் இருபத்திரண்டு பேரும் சாமியை அப்பிடி உருகிக் கும்பிடுகினம், எங்கட பக்கம் ஒரு தலையும் திரும்புறேல்ல.

இனிக் கடிதம் போடவேண்டாம்.

தில்லைநாயகி

அந்த மெம்பிஸ் ஆக்கள் கடைசியில வெண்டவையோ எண்டு அவர் கேக்கச் சொன்னவர். நான் கேக்கேல்ல.


ஊஸ்டர்
9 மார்ச் 2025

அன்ரி,

வேண்டாமெண்டு சொன்னியள். அங்கிள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவேணும் எண்ட சாட்டில எழுதுறன்.

ஓம், வெண்டவை. அறுவத்தஞ்சு நாள் நிண்டு வெண்டவை. ஆனால் அவையளுக்கு ஆதரவா அந்த ஊருக்கு வந்த தலைவரைச் சுட்டுக் கொண்டுபோட்டினம். அதுக்குப் பிறகுதான் நகரசபை இறங்கி வந்தது. கீழ்த்தளத்தில நான் கதை சொல்லேக்க இந்தப் பாதியை விட்டிட்டன். ஆக்கள் பயந்திடுவினம் எண்டு நினைச்சன். அது நான் செய்த முதல் பிழை.

இன்னொண்டும் சொல்லவேணும். சொல்லாமல் எனக்கு நித்திரை வராது. பழைய காலத்தில கப்பல்காரர் கப்ரினுக்கு எதிரா மனு எழுதினால் வட்டமாத்தான் கையெழுத்துப் போடுவினமாம். வட்டத்தில ஆர் முதல், ஆர் கடைசி எண்டு கண்டுபிடிக்கேலாது, ஒருத்தரைப் பிடிச்சுத் தூக்கேலாது. நான் அதை வாசிச்சிருக்கிறன். குறிப்பும் எழுதி வைச்சிருக்கிறன். அண்டைக்கு ஞாபகம் வந்தது. எங்கட ஆக்களிட்ட வட்டம் கீறிக் காட்டினால் சிரிப்பினம், மூத்தவரை விட்டிட்டு வட்டமோ எண்டு கேப்பினம் எண்டு நினைச்சு விட்டிட்டன்.

சட்டத்தரணி ஒராளிட்டக் கேட்டனான். இது பிழையான நீக்கம்தான், கோட்டில வெல்லலாமாம். ஆனால் இந்த நாட்டில வெண்டாலும் வேலை திரும்பி வராது, சில மாதச் சம்பளம்தான் நட்டஈடு. அதுக்கும் சாட்சி வேணும். இருபத்திரண்டு பேருக்கும் போன் அடிச்சுக் கேட்டன். ஒருத்தருக்கு மகள்ர கலியாணம், ஒருத்தருக்கு காட் நீட்டுற வருசம், ஒருத்தர் போனை மனுசியிட்டக் குடுத்திட்டார். வேணுகா அக்கா மட்டும் அழுதவ. அவவும் வாறன் எண்டு சொல்லேல்ல.

நான் என்ன செய்யவேணும் எண்டு சொல்லுங்கோ. என்னெண்டாலும் செய்வன்.

சரணியா


ஓஸ்டர்முண்டிகன்
23.3.2025

சரணியா,

என்னெண்டாலும் செய்வன் எண்டு எழுதியிருக்கிறீர். கையால எழுதிக் கையெழுத்தும் வைச்சிருக்கிறீர். இப்ப செய்யும்.

நேற்று தவச்செல்வன் வீட்டை வந்தவர். ஆரெண்டு உமக்குத் தெரியும், உங்கள் எல்லாருக்கும் மேல நிக்கிற மேற்பார்வைக்காரர், கோயில் நிர்வாகத்திலயும் இருக்கிறவர். வாசலில சப்பாத்தைக் கழட்டேக்கயே "அண்ணைக்கு ஒரு வழி கொண்டந்திருக்கிறன்" எண்டார். தேத்தண்ணி ஊத்தி வைச்சன். அவசரமாப் போகவேணுமெண்டு குடிக்கேல்ல.

வழி இதுதான். கொம்பனியை நடத்துற ஷெவ்மாருக்கு இவரில கோவமில்லையாம். பேர் முதலில நிக்கிறதுதான் அவையளுக்குப் பிரச்சினை. "எனக்கு டொச் தெரியாது, என்ன எழுதியிருக்கெண்டு விளங்காமல், ஒரு படிச்ச பெட்டை ஏமாத்திக் கையெழுத்து வாங்கினவ" எண்டு இவர் எழுதிக் குடுக்கவேணும். "ஓம், நான்தான் ஏமாத்தினன்" எண்டு நீரும் எழுதிக் குடுக்கவேணும். ரெண்டு தாளும் வந்தால் கூண்டிகுங்கைத் திருப்பி எடுப்பினமாம்.

உமக்கு வெக்கமாயிருக்கும். இருக்கட்டும். உம்மட வயசில வெக்கம் ஆறிடும், எங்கட வயசில வேலை போனால் போனதுதான். ஆழம் தெரியாமல் காலை விட்டது நீர், அமிழ்ந்துகொண்டிருக்கிறது நாங்கள். கெதியா அனுப்பும்.

தில்லைநாயகி


ஊஸ்டர்
30 மார்ச் 2025

அன்ரி,

கேட்ட கடிதம் இதோட இருக்கு. டொச்சில எழுதியிருக்கிறன். "கடிதத்தில என்ன இருக்கெண்டு திரு. தம்பித்துரைக்கு நான் சரியாச் சொல்லேல்ல, அவர் என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டவர்" எண்டு நாலு வரி. நாலு வரிக்கு எனக்கு ரெண்டு நாள் போனது.

இதை நான் குடுத்தால் அந்த மனு செத்துப்போகும், அன்ரி. மூத்தவரையே ஏமாத்தினவ, மற்ற இருபத்திரண்டு பேரையும் ஏமாத்தியிருப்பா எண்டுதான் கொம்பனி சொல்லும். சாப்பாட்டு அறையைப் பற்றி இனி ஒருத்தரும் வாய் திறக்கமாட்டினம். தொழிற்சங்கத்தில எனக்கு உதவி செய்த மனுசியிட்டச் சொன்னன். "இனி எங்களிட்ட வராதை" எண்டு சொல்லிப்போட்டா. அவவில பிழையில்லை.

நான் அழுதுகொண்டு எழுதினன் எண்டு நினைக்காதையுங்கோ. அங்கிளின்ர வேலைக்கு முன்னால என்ர பேர் எனக்குப் பெரிசில்லை. ஒண்டு மட்டும் கேக்கிறன், மறைக்காமல் சொல்லுங்கோ. அவர் இதுக்கு ஓமெண்டு சொன்னவரோ? அண்டைக்குக் கையெழுத்துப் போட முன்னம், ஒவ்வொரு வரியையும் தமிழில சொல்லச் சொல்லி ரெண்டு தரம் கேட்டவர். பேனையைத் துடைச்சுப்போட்டுப் போட்டவர். விளங்காமல் போட்டனான் எண்டு அந்த மனுசன் எழுதுவாரோ?

சரணியா


ஓஸ்டர்முண்டிகன்
13.4.2025

சரணியா,

ரெண்டு தாளும் குடுத்தாச்சு. வேலை திரும்பிக் கிடைச்சிட்டுது. நாளைக்கு வருசப்பிறப்பு. நல்லாயிரும்.

தில்லைநாயகி


ஊஸ்டர்
18 மே 2025

அன்ரி,

நான் கேட்டதுக்கு நீங்கள் பதில் எழுதேல்ல. வேலை கிடைச்ச சந்தோசத்தில மறந்திட்டியள் எண்டு என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு இருந்தனான்.

வேணுகா அக்கா நேற்றுப் போன் எடுத்தவ. போன திங்கள் காலமை தவச்செல்வன் எல்லாரையும் கீழ்த்தளத்துக்குக் கூப்பிட்டு அந்த ரெண்டு தாளையும் தமிழில சொல்லி வாசிச்சவராம். என்ர தாளை வாசிக்கேக்க ரெண்டொருத்தர் எனக்குத் தூசணம் சொன்னவையாம். அது எனக்குப் பறவாயில்லை. ஆனால் அங்கிளின்ர தாளை வாசிக்கேக்க அவரின்ர முகம் செத்துப்போச்சுதெண்டு அக்கா சொன்னவ. அந்தத் தாளில என்ன இருக்கெண்டு அப்பதான் அவர் முதல் தரம் கேட்ட மாதிரி இருந்ததாம். தவச்செல்வன் "என்ன அண்ணை, சரிதானே?" எண்டு கேட்க, அவர் "சரி" எண்டு சொல்லிப்போட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனவராம்.

அன்ரி, என்ன நடந்தது?

சரணியா


ஓஸ்டர்முண்டிகன்
22.6.2025

பிள்ளை சரணியா,

ஒரு மாசமா இந்தத் தாளை எடுக்கிறதும் வைக்கிறதுமா இருக்கிறன். சொல்ல வேற ஆளில்லை, உனக்குத்தான் சொல்லவேணும்.

அவர் கையெழுத்துப் போடேல்ல. நான்தான் போட்டனான்.

மூண்டு நாள் கெஞ்சினன், காலிலயும் விழுந்தன். "விளங்கித்தானடி போட்டனான், இனி விளங்கேல்லை எண்டு என்னெண்டு எழுதுறது?" எண்ட ஒரே கதைதான். நாலாம் நாள் அவர் வேலைக்குப் போன பிறகு, பழைய வங்கித் தாளில இருந்த கையெழுத்தைப் பார்த்து, கோயில் நோட்டீசின்ர பின்பக்கத்தில முப்பது தரம் எழுதிப் பழகினன். பிறகு தவச்செல்வன் தந்த தாளில போட்டுக் குடுத்திட்டன். இவருக்கு, "சரணியான்ர கடிதம் ஒண்டே காணுமாம், ஷெவ்மார் மனம் மாறிட்டினம்" எண்டு பொய் சொன்னன். நம்பிட்டார். வேலை உடுப்பை மினுக்கிப் போட்டுக்கொண்டு போனார். "பார், இனி அறையும் தருவாங்கள்" எண்டார்.

தவச்செல்வன் வாசிக்கேக்க, "இது என்ர கையெழுத்தில்லை, மனுசி போட்டது" எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். சொன்னால் எனக்குப் பொலிஸ் வரும், காட் போகும். அதுதான் "சரி" எண்டவர். அண்டையில இருந்து இண்டைக்கு நாப்பத்தொரு நாள். என்னோட ஒரு கதையில்லை. சாப்பாட்டைப் போட்டு வைச்சால் சாப்பிடுவார், கோப்பையைக் கழுவி வைப்பார், போய்ப் படுப்பார். அடிச்சிருந்தால்கூட ஆறியிருப்பன்.

இப்ப இன்னொண்டு சொல்லுறன். நீ இங்க பிறந்தனி, உனக்கு ஒருத்தரும் சொல்லியிருக்கமாட்டினம். ஊரில நாங்கள் ஆரெண்டு உனக்குத் தெரியாது. இவர் சின்னனா இருக்கேக்க, சந்தித் தேத்தண்ணிக் கடையில எங்கட ஆக்களுக்கு வாங்கில இடமில்லை. வெளியில நிண்டு, ஆணியில தொங்கிற தகரப் பேணியை எடுத்துக் குடிச்சிட்டுக் கழுவித் திரும்பக் கொழுவவேணும். இங்க வந்தும் என்ன? தவச்செல்வன் பதினொரு வருசமா எங்கட வீட்டுக்கு வந்து போறார், ஒரு தேத்தண்ணி குடிச்சதில்லை. எப்பவும் அவசரம்தான். உன்ர அம்மா எங்கட வீட்டில சோறு சாப்பிட்டவ. அதாலதான் உன்னில எனக்கு அவ்வளவு உருக்கம்.

"அறுவத்தொரு வயசில, இருபத்திரண்டு பேர் விலகி நிண்டு, அண்ணை நீங்கள் முதல் போடுங்கோ எண்டவையடி. பயத்தில விட்டவையோ, மரியாதையில விட்டவையோ, விட்டவை. வாழ்க்கையில ஒருத்தனும் என்னை முன்னுக்கு விட்டதில்லை." கெஞ்சின நாளில இவர் எனக்குச் சொன்னது இது. நான் காது குடுக்கேல்ல. நவம்பர், நவம்பர் எண்டுதான் என்ர மண்டைக்குள்ள ஓடினது.

பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காப் போச்சு எண்டு உன்னைத் திட்டத்தான் இருந்தனான். பிடிச்சது நானும்தான்.

அந்த முதல் மனு, இவர் தன்ர கையால போட்டது, உன்னிட்ட இருக்கோ? இருந்தால் அனுப்பு.

தில்லைநாயகி அன்ரி


ஊஸ்டர்
29 யூன் 2025

அன்ரி,

மூலத் தாள் கொம்பனியிட்டப் போயிட்டுது. ஆனால் கையெழுத்து முடிஞ்ச உடன நான் போனில படம் எடுத்தனான். பெரிசாப் பிரதி எடுத்து இதோட வைச்சிருக்கிறன். முதல் வரியைப் பாருங்கோ. மற்ற எல்லாற்ற கையெழுத்தும் சின்னனா, ஒரு ஓரமாப் போகுது. அவர் வரி முழுக்கப் போட்டிருக்கிறார்.

நானும் அந்த வாளியில ரெண்டு வருசம் இருந்து சாப்பிட்டனான், அன்ரி. எனக்கு அது வாளியாத்தான் தெரிஞ்சது. அவர் ஏன் பெட்டியை மூடிவைச்சிட்டுத் திருப்பிச் சொல்லச் சொன்னவர் எண்டு இப்பதான் விளங்குது. ஆய்வை எழுத இருந்தால் கை ஓடுதில்லை. மன்னிச்சுக்கொள்ளச் சொல்லி அவரிட்டச் சொல்லுங்கோ. இல்லை, சொல்லவேண்டாம். தாளை மட்டும் குடுங்கோ.

சரணியா


ஓஸ்டர்முண்டிகன்
20.7.2025

பிள்ளை,

தாள் வந்தது. இவற்ற சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில வைச்சிட்டுக் குசினிக்குள்ள போய் நிண்டன். எட்டிப் பார்த்தன், விரலால ஒவ்வொரு பேராத் தொட்டு எண்ணிக்கொண்டிருக்கிறார். பிறகு நாலா மடிச்சுச் சேட்டுப் பொக்கற்றுக்குள்ள வைச்சார். அண்டைக்கும் கதைக்கேல்ல.

பத்தாம் திகதி வியாழக்கிழமை. மத்தியானம் கீழ்த்தளத்துக்குப் போகாமல், வேலை உடுப்போட, சாப்பாட்டுப் பெட்டியைக் கையில பிடிச்சுக்கொண்டு மூண்டாம் மாடிக்கு லிஃப்டில போனவராம். வேணுகா பார்த்தவ. அந்தச் சாப்பாட்டு அறையில, யன்னலோட இருந்த மேசையில போய் இருந்து, பெட்டியைத் திறந்து சாப்பிடத் தொடங்கிட்டாராம். கிளினிக் ஆக்கள் பார்த்துக்கொண்டிருந்தவை. ஒரு தாதி மட்டும் தன்ர தட்டைக் கொஞ்சம் தள்ளி இடம் விட்டவவாம். தவச்செல்வன் ஓடிவந்து "அண்ணை எழும்புங்கோ, எழும்புங்கோ" எண்டு கையைப் பிடிச்சு இழுத்தவராம். இவர், "கையை எடு. சாப்பிட்டு முடிச்சிட்டு வாறன்" எண்டு சொல்லிப்போட்டு, அவசரப்படாமல் கடைசிப் பருக்கை வரைக்கும் சாப்பிட்டு, மேசையைத் துடைச்சு, கதிரையை உள்ள தள்ளி வைச்சிட்டுத்தான் எழும்பினவராம். கீழ வர, கிளினிக் கதவுத் திறப்பை வாங்கிக்கொண்டு வீட்டை அனுப்பிட்டினம்.

மற்ற இருபத்திரண்டு பேரும் அண்டைக்கும் வாளியிலதான் இருந்து சாப்பிட்டவை. வேணுகாவும்தான். அவ எனக்குச் சொல்லிச் சொல்லி அழுதவ.

திங்கக்கிழமை பதிவுத் தபாலில ரெண்டாவது கூண்டிகுங் வந்தது. இந்த முறை ஆட்குறைப்பு எண்டு எழுதேல்ல, உடனடியா நீக்கமாம். தபால்காரன் கையெழுத்துக் கேட்டான். ஆற்ற பேரில போட எண்டு ஒருக்கா யோசிச்சன், பிறகு என்ர பேரைப் போட்டு வாங்கினன். நவம்பரில காட்டுக்கு என்ன எழுதுறதெண்டு எனக்குத் தெரியாது. திருப்பி அனுப்பினால் எங்க போறதெண்டும் தெரியாது. பயமாத்தான் இருக்குப் பிள்ளை, இல்லையெண்டு சொன்னால் பொய்.

ஆனால் அந்த வியாழக்கிழமை அவர் வீட்டை வந்து, சப்பாத்தைக் கழட்டிப்போட்டு, குசினி வாசலில வந்து நிண்டார். ஐம்பத்தொன்பது நாளுக்குப் பிறகு என்னைப் பார்த்து வாய் திறந்தார்.

"அடியே, அந்தக் கதிரை நல்ல கதிரையடி" எண்டார். "முதுகுக்கும் மெத்தை வைச்சிருக்கிறாங்கள்."

தில்லைநாயகி அன்ரி